தென்காசிக்கு வந்த கடல்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்குக் கடல் ஞாபகம் வர நியாயமே இல்லை. பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஐந்தருவிக்கும் ஒரு நடை போய்விட்டு, ஈர வேட்டியோடு திரும்புகிறவனுக்கு எதிரே நிற்பது மலை. மேலே நிற்பது மேகம். கடல் எங்கேயோ கிழக்கே, தூத்துக்குடிப் பக்கம் கிடக்கிறது. நானும் போன ஆடி மாதம் அப்படித்தான் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினேன். திரும்பிய இடத்தில் கடல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

காசி விசுவநாதர் கோயிலுக்கு அடுத்த தெருவில் நண்பர் வீடு. பள்ளிக்கூட வாத்தியார். கூடத்துச் சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். "எந்தக் குளத்து மீன்?" என்று கேட்டுவிட்டேன்.

"குளமா? ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சுப் பாருங்க, அண்ணாச்சி" என்றார் நண்பர்.

வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. பொட்டலத்தில் வாங்கிய கடல் உப்பை, லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் நல்ல தண்ணீரில் கரைத்துச் செய்த சமுத்திரம் அது! சிற்றாறு குற்றாலத்தில் பிறந்து, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆறு கடலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறோம். கடல் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நண்பர் முகத்தில் பெருமையோடு ஒரு சங்கடமும் இருந்தது. முதலில் அவர் வாங்கிய ஜோடி பத்து நாள்கூடத் தாங்கவில்லையாம். செத்த மீனை மல்லிகைச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு, அவருடைய பெண் கேட்டாளாம்: "அப்பா, இதை எங்கேருந்து பிடிச்சாங்க? அங்க இதைத் தேட மாட்டாங்களா?"

வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் ஒரு சரித்திரமே கிடைக்கிறது.

கடலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை முதலில் நிறைவேற்றிக் கொண்டவர்களில் ஒருவர் ஒரு தையற்காரி என்றால் நம்புவீர்களா? ஜான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பாரிஸில் உடை தைத்துப் பிழைத்தவர். கல்யாணமாகி சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்கு வந்தவர். ஆர்கொனாட் என்றொரு பிராணி, கணவாய்க்கு உறவு. அழகான ஓட்டுக்குள் குடியிருக்கும். அந்த ஓடு அதற்குச் சொந்தமா, வேறு பிராணியிடமிருந்து திருடியதா என்று பண்டிதர்கள் வழக்காடிக் கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் 1832-இல் கண்ணாடித் தொட்டிகள் செய்து, கடல் நீரை நிரப்பி, அந்தப் பிராணிகளை வளர்த்தே பார்த்தார். ஓடு சொந்தச் சம்பாத்தியம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். உயிரைக் கொன்று அறுத்துப் பார்ப்பது ஒரு வகை அறிவு. உயிரோடு வைத்துப் பொறுமையாகப் பார்ப்பது இன்னொரு வகை அறிவு.

பார்க்கிற ஆசை பிறகு வைத்துக்கொள்கிற ஆசையாயிற்று. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், வீட்டில் கடல் தொட்டி வைப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்களும் உப்புகளைக் கலந்து கடல் நீர் செய்துகொள்ளலாம் என்று வழி சொன்னவரும் அவரே. வாத்தியார் வீட்டு உப்புப் பொட்டலத்துக்கு அவரைப் பாட்டனார் என்று சொல்லலாம்.

புத்தகம் பிரபலமாயிற்று. சீமாட்டிகளும் சீமான்களும் வாளியோடு கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குழிகளில் இருந்த பூப்போன்ற உயிர்களையெல்லாம் சுரண்டிக்கொண்டு போனார்கள். கோஸின் மகன் எட்மண்ட், 1907-இல் எழுதிய சுயசரிதையில், தகப்பனார் பார்த்துப் பரவசப்பட்ட அந்தக் குழிகள் பாழாகிவிட்டதைச் சொல்லி வருந்துகிறார். கடலை நேசிக்கச் சொல்லிக்கொடுத்த புத்தகமே கடற்கரையைக் காலி செய்ய வழிகாட்டிவிட்டது. நேசத்துக்கும் கொள்ளைக்கும் நடுவே ஒரு வாளிதான் வித்தியாசம் போலிருக்கிறது.

நம் பக்கம் வருவோம். சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு கடல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது அது. அதற்குப் பாடுபட்டவர் சென்னை மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். 1919-இல் மீன்துறை அதை ஏற்றுக்கொண்டது. அங்கே மீன்களைக் காட்டினார்கள்; செத்தால் எதிரே கடல் இருக்கிறது, வேறு பிடித்துப் போட்டார்கள்.

சரித்திரத்தின் திருப்பம் மீனில் இல்லை, மீன் குஞ்சின் வாயில் இருக்கிறது. கோமாளி மீன் என்று பெயர் பெற்ற இந்த மீன் கடல் சாமந்திக்கு அருகே பாறையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆண் மீன்தான் காவல். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். குடும்பத்தில் பெரியவள் பெண். அவள் இறந்துவிட்டால் புருஷனே பெண்ணாக மாறிவிடுவான்! சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு, குஞ்சுகள் வெளிவரும். நீளம் மூன்று, நான்கு மில்லி மீட்டர். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதன் வாயில் நுழையக்கூடிய உயிருள்ள இரை இல்லாவிட்டால், பசியால் செத்துப் போகும்.

அந்த இரை எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஜப்பானில் விலாங்கு வளர்க்கும் குளங்களில் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகித் தொல்லை கொடுத்தது. ஒழிக்க வேண்டிய சனியன் என்றே நினைத்தார்கள். இதோ என்ற ஆராய்ச்சியாளர் 1960-இல், இது கடல் மீன் குஞ்சுகளுக்கு ஏற்ற உணவு என்று எடுத்துக்காட்டினார். தொல்லை தாய்ப்பாலாகிவிட்டது. குஞ்சு சற்று வளர்ந்ததும் ஆர்ட்டீமியா என்ற உப்பு நீர்ப் பூச்சி. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. இந்த இரண்டும் கைக்கு வந்தபின், எழுபதுகளில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீனை விற்பனைக்கே வளர்த்துக் காட்டினார்.

இங்கே மண்டபம் முகாமின் கதை தனி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலி ஜனங்களை, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நிறுத்தி வைத்த இடம் அது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் அங்கே குடியேறியது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. ஐம்பதுகளில் தாமிரவருணியின் பெயரையே சூட்டி ஓர் ஆற்று மீனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஈ.ஜி. சைலஸ், பின்னால் இதே கடல் நிலையத்தின் இயக்குநரானார். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து இந்நிலையத்தின் விழிஞம், மண்டபம் கிளைகள் கோமாளி மீன்களை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தன.

ஆனாலும் கடல் தொட்டிகளுக்கு விற்கப்படும் மீன் ஜாதிகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிபட்டவையே. அறுபதுகளிலிருந்து பிலிப்பைன்ஸில் சயனைடு விஷத்தைப் பவளப் பாறையில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மீன் மயங்கிற்று, பாறை செத்தது. நம் நாட்டில் 2001-இல் கடல் குதிரையும் பவளமும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, அவற்றைத் தொடக்கூடாது.

"இப்ப இருக்கிற ஜோடி குஞ்சுப் பண்ணையில பொறந்தது அண்ணாச்சி. கடலையே பாத்ததில்ல" என்றார் நண்பர்.

மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். வரிசையாகப் பச்சைத் தண்ணீர் நிறைந்த புட்டிகள். பச்சைப் பாசி ரோட்டிஃபருக்கு; ரோட்டிஃபர் குஞ்சுக்கு. முதல் இரண்டு ஈட்டில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லையாம். "வந்தவுகளுக்குக் காப்பி குடுக்க நேரமில்ல, மீன் குஞ்சுக்குப் பால் காய்ச்சுதாக!" என்று கீழிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

இறங்கி வந்தோம். சிறிய தொட்டி ஒன்றின் முன்னால் அந்தப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஈட்டில் மிஞ்சியவை, நகத்தளவு, அப்போதுதான் வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது. விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை அம்மா?" என்றேன்.

"பதினொண்ணு, பெரியப்பா." பிறகு பெரிய தொட்டியைக் காட்டினாள். "இதுகளோட அம்மா அங்க இருக்கு. தேட வேண்டாம்."