மறதியுள்ள வலையும் படிவத்தின் பிழையும்

நீண்ட படிவமொன்றை நிரப்பி அனுப்பியதும், ஒரு கட்டத்தில் பிழை என்று சொல்லி, எழுதிய அனைத்தையும் அழித்துவிட்டு வெற்றுப் பக்கத்தை நீட்டும் தளங்களை நாம் சந்தித்திருக்கிறோம். அதன் வேர் வலையின் பிறப்பிலேயே இருக்கிறது.

எச்.டி.டி.பி. நெறிமுறை நினைவற்றது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிய முகம். 1995இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 படிவங்களைத் தரப்படுத்தியது. பிழையைச் சொல்லும் பொறுப்போ நிரலாளரிடமே நின்றது. தரவு, தோற்றம், வழிநடத்தும் கன்ட்ரோலர் என நிரலை மூன்றாகப் பகுக்கும் முறையை 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்தார். அம்முறை வலைக்கு வந்தபின், ஒவ்வொரு கன்ட்ரோலரும் தனித்தனியே பிழை பார்க்கும் வழக்கமும் பரவியது. ஒரே விதி பத்து இடங்களில் எழுதப்பட்டால், திருத்தும்போது ஏதேனும் ஓரிடம் மறந்துபோகும்.

2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ், விதிகளைத் தரவுப் பகுதியில் குவித்தது. 2012இல் ஸ்பிரிங் 3.2, எல்லாக் கன்ட்ரோலர்களின் பிழைகளையும் ஓரிடத்தில் கையாள வழிசெய்தது. 2015இல் லாராவெல் 5, கன்ட்ரோலரின் வேலை தொடங்குமுன்பே சோதனையை முடித்து, பிழைச்செய்திகளோடு நாம் எழுதியவற்றையும் காத்துத் திருப்பித் தந்தது.

ஆயினும் ஓரிடத்தில் குவிந்த விதி தவறாயின், அத்தவறும் எங்கும் பரவும். குடும்பப்பெயர் கட்டாயம் என்று விதி சொன்னால், தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழர் எல்லா வாசல்களிலும் பிழையானவரே. விதி எங்கே இருக்கிறது என்பதோடு, அது யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.