ரீல்ஸ் போட்டு நிதி திரட்டுறீங்களா? எடிட்டிங் ஆப்பைவிட எக்செல் ஷீட் முக்கியம்!

கொஞ்சம் ஃபாலோயர்ஸ் சேர்ந்தால் போதும், இன்பாக்ஸே மாறிவிடும். "அண்ணா, பாப்பாவுக்கு ஆபரேஷன், ஒரு ஸ்டோரி போடுங்க", "அக்கா, எங்க ஊரு ஸ்கூலுக்கு பெஞ்ச் வேணும்" என நாள் முழுக்க மெசேஜ் வரும். ரெண்டு பேருக்கு உதவி கிடைத்ததும் மனசு நிறைந்துபோகும். அப்புறம்தான் சிக்கல். ராத்திரி 2 மணிக்கு டி.எம்-களுக்குப் பதில், காலையில் ஷூட், நடுவில் ஆஸ்பத்திரிக்கு போன். சாயங்காலம் கமென்ட்டில் ஒருத்தர் கேட்பார்: "போன மாசம் வசூல் பண்ண காசு என்னாச்சு ப்ரோ?" பணம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால், எதையும் எழுதி வைக்காததால் சட்டென்று பதில் சொல்ல வராது.

'காலை 5 மணிக்கு எழுந்திரு, போனைத் தள்ளி வை' மாதிரியான வழக்கமான டிப்ஸ் இங்கே பாதிதான் உதவும். நன்கொடை கேட்கும் கிரியேட்டருக்கு வீடியோ எடுப்பது சின்ன வேலை. அதற்கு முன்னால் விசாரிப்பதும், அதற்குப் பின்னால் கணக்கு சொல்வதும்தான் நேரத்தை விழுங்குபவை. அந்த இரண்டுக்கும் பெரும்பாலானோர் காலண்டரில் இடமே ஒதுக்குவதில்லை.

உங்க க்யூஆர் கோடு வேண்டாமே!

நேரத்தை மிச்சப்படுத்தும் முதல் பழக்கம், பணத்தை உங்கள் அக்கவுன்ட்டுக்கு வரவிடாமல் இருப்பது. சொந்த யு.பி.ஐ-யில் வாங்கினால், யார் எதற்கு அனுப்பினார்கள் என்று தினமும் ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பார்க்கவே ஒரு மணி நேரம் போய்விடும். அதோடு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பணம் வந்தால், அது பொதுவாக உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படும். வரித்துறை கேட்டால் ரசீதுகளைத் தேடி அலையப்போவது நீங்கள்தான்.

மருத்துவமனையின் வங்கிக் கணக்கு, பதிவுபெற்ற அறக்கட்டளை, மிலாப், கீட்டோ போன்ற தளங்கள் என வேறு வழிகள் இருக்கின்றன. சொந்த வருமானத்திலிருந்தே கொடுப்பது இன்னும் சுலபம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் அதைத்தான் செய்தது. யூடியூபில் 1 கோடி சப்ஸ்க்ரைபர்களைத் தொட்ட நேரத்தில், முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

தமிழ் சேனல்களுக்கு இன்னொரு விஷயம். நம்மைப் பார்ப்பவர்களில் பலர் கனடா, லண்டன், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தமிழராகவே இருந்தாலும், அவர் தரும் பணத்தை வாங்க அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ பதிவு வேண்டும். லைவ் போவதற்கு முன்பே அமைப்பிடம் இதைக் கேட்டுக்கொண்டால், பின்னால் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலை இருக்காது.

விசாரிக்க வாரத்தில் ரெண்டு நாள்

வரும் ஒவ்வொரு டி.எம்-மையும் அந்த நிமிடமே திறக்க வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி என்று ரெண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் வாட்ஸ்அப் பிசினஸின் 'அவே மெசேஜ்' பார்த்துக்கொள்ளட்டும். மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம், நோயாளியின் அடையாள அட்டை, சிகிச்சை தரும் துறை என்ன என்று ஒரே மெசேஜில் கேட்டுவிடலாம். கடிதத்தில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு போன் பண்ணாதீர்கள். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். போலிக் கடிதத்தில் நம்பரும் போலியாகத்தான் இருக்கும்.

அந்த போனிலேயே இன்னொன்றும் கேட்க வேண்டும்: "முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இந்த சிகிச்சை வருமா?" ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சில நேரம் வீடியோவே தேவைப்படாது. வ்யூஸ் வராத உதவிதான், ஆனாலும் ஒரு வார வேலை மிச்சம்.

'முடியாது' என்று சொல்வதற்கும் ஒரு மெசேஜ் தயாராக இருக்கட்டும். "இந்த மாசம் எங்களால எடுக்க முடியலைங்க, இங்கெல்லாம் முயற்சி பண்ணுங்க" என்று நாலு இடங்களைச் சொல்லி அனுப்பலாம். 'சீன்' மட்டும் காட்டி மூணு நாள் காத்திருக்க வைப்பது, நேரத்தோடு போராடும் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு.

கேட்பதைச் சின்னதாக்குங்கள்

2019 அக்டோபரில் மிஸ்டர் பீஸ்ட்டும் மார்க் ராபரும் தொடங்கிய 'டீம் ட்ரீஸ்' நினைவிருக்கிறதா? 1 டாலர் கொடுத்தால் 1 மரம். இலக்கு 2 கோடி டாலர், கெடு அந்த ஆண்டின் இறுதி. கெடுவுக்கு முன்பே தொகை சேர்ந்துவிட்டது. மரம் நடும் பொறுப்பு ஆர்பர் டே ஃபவுண்டேஷனுடையது. மற்ற யூடியூபர்கள் இதை ஒரே வரியில் சொல்ல முடிந்தது, விளக்கம் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

வீடியோ கேம் ஆடி நிதி திரட்டும் 'கேம்ஸ் டன் குயிக்' வேறு வகை. ஒரு வாரம், 24 மணி நேரமும் லைவ். யார் எப்போது எந்த கேம் ஆடுவார்கள் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும். ஆட்கள் மாறி மாறி வருவார்கள், நன்கொடை நேராக தொண்டு நிறுவனத்துக்குப் போகும். ஜனவரி 2020 நிகழ்ச்சியில் மட்டும் 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தனி ஆளாக மூணு நாள் தூங்காமல் லைவ் போகும் நம்மூர் பசங்க இதைக் கவனிக்கலாம். ரெண்டு நண்பர்களை ஷிஃப்ட் போட்டு உட்காரவைத்தாலே தொண்டை தப்பிக்கும்.

'டார்கெட் முடிஞ்சது'க்குப் பிறகு

பலர் தடுமாறும் இடம் இது. வீடியோ போடும் அன்றே, கணக்கு சொல்லும் மூன்று தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். வசூல் முடியும் நாள், மருத்துவமனை பில் வரும் நாள், அதிலிருந்து ஒரு மாதம். ஷீட்டில் தேதி, வந்த தொகை, போன இடம், ரசீது லிங்க் என்று நாலு காலம் போதும். தினம் 10 நிமிஷ வேலை. கமென்ட்டில் யாராவது கேட்டால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் போடலாம், நன்கொடை கொடுத்தவர்களின் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு.

மீதிப் பணத்தை என்ன செய்வது என்பதை முதல் வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சை பலிக்காமல் போகலாம். அந்த நேரத்தில் துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் போய், "பாக்கி காசை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்பது கொடுமை. 'தேவைக்கு மேல் வந்தால் இதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளிக்கு' என்ற ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் அந்தப் பேச்சே எழாது. குழந்தை இறந்துவிட்டால், பெற்றோர் சம்மதித்த பிறகு இரண்டே வரியில் தெரிவியுங்கள். பின்னணி இசை, பழைய க்ளிப்ஸ் எதுவும் வேண்டாம். பணம் கொடுத்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அன்றைக்கு வேறு ஷூட் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் அது சாதாரண நாளாக இருக்காது.

கணக்கு முடித்த கையோடு பழைய ரீலையும் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்தும் அது யாருடைய ஃபீடிலாவது சுற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் பணம் அனுப்ப நினைப்பார். கேப்ஷனின் முதல் வரியில் 'நிதி திரட்டல் முடிந்தது' என்று போட்டு, லிங்க்கை எடுத்துவிடுங்கள். ட்யூப் மாட்டிய குழந்தையின் முகம் தெரிகிறது என்றால் வீடியோவையே ஆர்கைவ் பண்ணிவிடலாம். குணமான குழந்தை நாளைக்கு ஸ்கூலுக்குப் போகும், பக்கத்து பெஞ்ச் பையன் கையிலும் போன் இருக்கும்.