சூலைக்குக் கைம்மாறு

பாலாற்றங்கரையிலுள்ள வாணியம்பாடி, தோல் பதனிடுந் தொழிலாற் பேர்பெற்ற நகரமாகும். அதன் பழைய பகுதியிலே அதிதீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. நான்முகனது சாபத்தாற் பேச்சிழந்த கலைமகள் ஈண்டுச் சிவபெருமானை வழிபட்டு, மீளவும் வாக்குப்பெற்றுப் பாடினாள் என்பதும், வாணி பாடிய ஊராதலின் அப்பெயர் எய்திற்று என்பதும் அவ்வூர்த் தலவரலாறு. வாணியர் குடியிருந்த பாடி எனப் பொருள் கொள்ளுதற்கும் அச்சொல் இடந்தரும். பெயர்க்காரணம் யாதாயினும், தலவரலாற்றின் உட்கிடை நோக்கற்பாலது. சொல்லுக்குத் தலைவியாயினாள் சொல்லிழந்தாள்; இழந்தமையால் இறைவனை நாடினாள்; நாடினமையாற் பாடினாள். இழவே பேற்றுக்கு வாயிலாயிற்று.

தலவரலாறு கூறும் இவ்வுண்மை, தமிழ்நாட்டு வரலாற்றிலே ஓர் அடியார் வாழ்க்கையில் வெளிப்பட நிகழ்ந்தது. அவர் திருநாவுக்கரசு சுவாமிகள். கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் விளங்கியவர். திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகவாய்த் தோன்றி, மருணீக்கியார் எனப் பெயர்பெற்றார். இளமையிலேயே தந்தையும் தாயும் மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர்நீத்தார். உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பியாரின் பொருட்டு அத்துணிவை ஒழித்து, தவநெறி நின்று உயிர்தாங்கினார்.

அடுத்தடுத்து வந்த இழவுகளால் நிலையாமையுணர்ந்த மருணீக்கியார், தம் பொருளைக்கொண்டு தண்ணீர்ப்பந்தரும் சோலையும் குளமும் அமைத்து அறஞ்செய்தார். பின்னர் மெய்ப்பொருளாராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியையடைந்து தருமசேனர் எனப் பெயர்பூண்டு தலைமையும் பெற்றார். பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர். சகம் 380, அதாவது கி. பி. 458-இல், உலோகவிபாகம் என்னும் சமணநூல் படியெடுக்கப்பட்ட பாடலியும் இவ்வூரே என்பர். ஆகலான் அவர் சென்றடைந்த இடம், வழிவழியாகக் கல்வி சிறந்த இடமே.

அங்கே அவரைச் சூலைநோய் பற்றியது. குடரைப் பிடித்து முறுக்கிய அந்நோய்க்குப் பள்ளியிலிருந்தோர் அறிந்த மந்திரமும் மருந்தும் பயன்படவில்லை. அவர் தமக்கையாருக்குச் செய்தி விடுத்தார். பள்ளிக்கு வருதற்கு இசையாத திலகவதியார், திருவதிகையிலேயே இருந்தார். இரவிலே தம்பியார் அங்கே வந்து அடிவீழ்ந்தபோது, அம்மையார் கடிந்துரைத்தாரல்லர்; நின் வினைப்பயனை நீயே நுகர் என்றாருமல்லர். எடுத்து நிறுத்தித் திருநீறளித்து, வைகறையில் அலகும் தோண்டியுங் கொண்டு திருத்தொண்டுக்குச் செல்லும்போது, திருவீரட்டானத்துக்கு உடனழைத்துச் சென்றார். அங்கே எழுந்த பதிகமே நான்காந் திருமுறையின் முதற்பதிகமாய் நிற்பது.

இப்பதிகத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாம். இது நன்றி கூறும் பாட்டன்று. நோய் பொறுக்கலாற்றாத ஒருவர், அதனை நீக்கியருளுமாறு கதறி முறையிடும் பாட்டு. துன்பம் வந்தவுடனே அதனை வாழ்த்துதல் மக்களியல்பன்று. அங்ஙனம் வாழ்த்தாமை குற்றமுமன்று. நன்றியுணர்வு நோய் தீர்ந்தபின் எழுந்தது. இச்சூலையன்றோ என்னை இறைவன் திருவடியிற் சேர்த்தது, இதற்கு யான் செய்யுங் கைம்மாறு யாது என்று அவர் நினைந்து தொழுததாக, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகட்குப்பின் 12-ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணம் இயற்றிய சேக்கிழார் கூறுவர். முறையீடு அடியாரின் வாய்மொழி; கைம்மாறு கருதியமை புராணஞ் செய்தாரின் வாக்கு. அவ்வாக்குக்குச் சான்று நாவரசர் திருவாக்கிலேயே உண்டு. பிற்காலத்துப் பாடிய தாண்டகத்துள்ளும், நோய்தீர்த்துத் தம்மை ஆளாக்கிக்கொண்ட அருளை அவர் மறவாது போற்றுகின்றார்.

அற்றேல், அருளே உருவாகிய இறைவன் அடியாரை நோயால் வருத்துதல் யாங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். மருத்துவன் சில நோய்களைப் பாலும் மருந்துங் கலந்தூட்டித் தீர்ப்பன். சிலவற்றை அறுத்துங் கீறியுந் தீர்ப்பன். அவ்வாறே இறைவனும் இன்பதுன்பங்களை நுகர்வித்து வினையை அறுப்பன் என்று அருணந்திசிவாசாரியார் சிவஞானசித்தியாருள் விளக்கினார். அறக்கருணை, மறக்கருணை எனப் பெயர் இரண்டாயினும் கருணை ஒன்றே. ஆயினும் நோயாளன் நன்றி பாராட்டுவது மருத்துவனுக்கேயன்றிக் கத்தி தந்த வலிக்கன்று. நாவரசர் சூலையைத் தொழுததும், அது நோயென்பதற்காகவன்று. தம்மை ஆட்கொள்ள இறைவன் ஏவிய கருவியென்பதற்காகவே.

அவர் செய்த கைம்மாறுதான் யாது? கையில் உழவாரப் படைதாங்கித் திருக்கோயில் முற்றங்களிற் புல்செதுக்கினார். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு பிணித்துக் கடலிலிடல் ஆகிய இடர்கள் பின்னரும் வந்தன. அவற்றிடையே அஞ்சாது நின்றார். சூலையின்கண் ஆற்றேன் என்று அலறியவர், நீற்றறையிலே இறைவன் திருவடிநிழலை வேனிற்காலத் தண்மையாக உணர்ந்து பாடினார். முதல் இடர் அவரை வளர்த்தமைக்கு இதனினுஞ் சான்று வேண்டா. அவரை ஒறுத்த வேந்தனும் பின்னர்ச் சைவஞ்சார்ந்து, திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்பர். குணபரன் என்னும் பெயர் மகேந்திரவர்மனுடையது என்பதைத் திருச்சிராப்பள்ளிக் குன்றின் கல்வெட்டுக் காட்டும்.

ஈண்டு ஒரு பிழைபாடு நேராவண்ணங் காத்தல் வேண்டும். துன்பம் அருளேயாயின், பிறர் துன்பத்தை அவ்வாறே விட்டுவிடுதல் தகும்போலும் எனச் சிலர் கருதுவர். அற்றன்று. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தபோது, நாவரசரும் ஞானசம்பந்தரும் பசித்தார்க்குப் பொறுமை உபதேசித்து அமைந்தாரல்லர். நாடோறும் இறைவன்பால் ஒவ்வொரு காசு பெற்று அமுதூட்டினர். கைத்தொண்டு செய்த நாவரசரின் காசு வாசியின்றிச் சென்றது என்பது அவ்வரலாறு. தன் துன்பத்தை அருளெனக் கொள்ளுதல் ஞானம்; பிறர் துன்பத்தை அருளெனச் சொல்லி வாளாவிருத்தல் வன்கண்மை.

வாணியம்பாடி வரலாறும் இதனையே வற்புறுத்தும். 1903-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் பாலாறு பெருகி அந்நகரைப் பேரழிவுக்கு உள்ளாக்கிற்று. பின்னொரு காலத்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயுங் கொண்டு பதனிட்ட முறை அருகிக் குரோமிய உப்பு மிக்கபோது, அவ்வாற்றுப்படுகையின் கிணறும் நிலமுங் கெட்டன. 1996 ஆகஸ்டு 28-இல், வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம், மாசு செய்தோரே ஈடுசெய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நீர்கெட்ட ஊரினரை நோக்கி, நன்றியுடன் பொறுத்திருமின் என்று கூறுதல் சைவமாகாது. முறையிடுதல் வேண்டும் என்பதற்குத் திருவதிகைப் பதிகமே சான்று. உதவுதல் வேண்டும் என்பதற்குத் திருவீழிமிழலையே சான்று.

ஆகவே, இடருற்றவன் முதற்கண் முறையிடுக. உடனிருப்பவர் திலகவதியார்போலக் கைகொடுத்து எடுக்க. இடர் நீங்கியபின், அதனால் தான் பெற்றது யாதென அவன் எண்ணுக. பெற்றதற்குக் கைம்மாறாகத் தொண்டு செய்க. வாணி பாடிய தலத்தை வணங்குவோர்க்கும், வாகீசர் பாடிய திருமுறையை ஓதுவோர்க்கும் உரிய நெறி இதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.