மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

எழுதுகருவிச் சொற்களைப் பற்றிய என் ஆய்வேட்டு இயல் ஒன்றில் சென்ற ஆண்டு ஒரு பிழை செய்திருந்தேன். 'வாரெழுத்தாணி' என்னும் சொல்லை வார் + எழுத்தாணி எனப் பிரித்து, 'வார் கட்டிய எழுத்தாணி' என்று பொருள் எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் குறித்துத் திருப்பித் தந்தார்: "வார் எங்கே இருக்கிறது?" புணர்ச்சி விதிப்படி என் பிரிப்பில் குற்றமில்லை. ஆயினும் அந்தக் கருவியில் வார் இல்லை. இப்பதிவு அக்கேள்விக்கான விடை. விடை தேடப் புகுந்தபோது அது நாம் இன்று பையில் வைத்திருக்கும் மடக்குக்கத்தி வரைக்கும் வந்து சேர்ந்தது.

1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், தம் இளமைக் கல்வியை விவரிக்கும்போது 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணியின் வகைகளைப் பதிவு செய்திருக்கிறார். குண்டெழுத்தாணி என்பது உருண்டையான கனத்த கொண்டையுடையது, அதிக நீளமில்லாதது. வாரெழுத்தாணி அதைவிட நீளமானது. கொண்டைக்குப் பதிலாக அதன் மேல்முனையில் சிறு கத்தி இருக்கும். மூன்றாவது மடக்கெழுத்தாணி. இதில் ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் கத்தி. மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ செய்த பிடியின் பள்ளத்துக்குள் இரண்டையும் மடக்கி வைக்கலாம். வடிவத்தை மட்டும் நோக்கினால் இதை மடக்குக்கத்தி என்றே சொல்லத் தோன்றும்.

இந்தக் கத்தி எதற்கு? பனையோலை கடையில் வாங்கும் காகிதம் போன்றதன்று. ஓலையின் ஈர்க்கை நீக்கி, ஓரங்களை வாரி, ஒரே அளவாக நறுக்கிப் பதப்படுத்திய பின்னரே அது ஏடாகும். 'ஓலை வாருதல்' என்பது இத்தொழிலின் சொல். ஆகவே வாரெழுத்தாணியில் உள்ள 'வார்' தோல்வார் அன்று. வாருதல் என்னும் வினை. வாரிய, வாருகின்ற, வாரும் எழுத்தாணி என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. மடக்கெழுத்தாணியும் அவ்வாறே. என் பிழையைத் திருத்தியது அகராதிக்கு முன்பாக அந்தக் கருவியின் அலகுதான்.

இப்போது பேனாக்கத்தியை எடுத்துக்கொள்வோம். 'பேனா' என்பது போர்ச்சுகீசியச் சொல்லான 'பெனா'விலிருந்து தமிழுக்கு வந்தது. அம்மொழியில் அதன் பொருள் இறகு. ஐரோப்பாவில் பறவை இறகே எழுதுகோலாக இருந்தது. எழுத எழுத அதன் முனை மழுங்கும். மீண்டும் மீண்டும் சீவ வேண்டும். அதற்காக எழுதுவோர் வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் பர்மிங்காம் ஆலைகள் எஃகு முள்ளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபின் இறகைச் சீவும் தேவை குறைந்தது. கத்தியும் பெயரும் மட்டும் நிலைத்தன. நம் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் பெரியவர்கள் பழம் நறுக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டு வேறுபாடுகள் தெரிகின்றன.

முதலாவது சொல்லமைப்பில் உள்ளது. 'மடக்கெழுத்தாணி'யில் வருமொழி எழுத்தாணி. கத்தி அக்கருவியின் ஒரு பாதியாக இருந்தும் பெயரில் இடம்பெறவில்லை. எழுதுவதே அதன் முதன்மைத் தொழில். 'பேனாக்கத்தி'யில் வருமொழி கத்தி. 'பேனாவைச் சீவும் கத்தி' என விரியும் உருபும் பயனும் உடன்தொக்க தொகை அது. எழுத்து இங்கே அடைமொழியாகிவிட்டது. இன்று வழங்கும் 'பாக்கெட் கத்தி' என்னும் பெயரில் அந்த அடைமொழியும் இல்லை.

இரண்டாவது வேறுபாடு தொழிலில் உள்ளது. பேனாக்கத்தி எழுதுகோலைச் செதுக்கியது. எழுத்தாணியின் கத்தி எழுதப்படும் ஏட்டையே உருவாக்கியது. ஒரே பிடிக்குள் இரு முனைகளையும் மடக்கி வைத்திருந்தவர் எழுதுவதோடு ஏட்டையும் தாமே செய்துகொள்ளக் கூடியவர் என்பதை அக்கருவி காட்டுகிறது.

நான் வசிக்கும் மைசூரில் இதை எண்ணாமல் இருக்க முடியாது. 1891-இல் இங்கே மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகம் நிறுவப்பட்டது. இன்றைய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அதுவே. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியிலிருந்துதான் ஆர்.சாமசாஸ்திரி 1905-இல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை அடையாளம் கண்டு, 1909-இல் பதிப்பித்தார். அந்நூலின் மொழி, காலம், ஆசிரியர் ஆகியவை பற்றி நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கிறோம். எழுத்தைக் கீறிய ஆணிக்குச் சான்று எழுத்தே. ஓலையின் ஓரத்தை நேராக நறுக்கிய அலகுக்கோ அந்த ஓரம் மட்டுமே சான்று. அதை யாரும் வாசிப்பதில்லை.

அதே 1891-இல்தான் சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்செனர் தம் நாட்டுப் படைவீரர்களுக்கான மடக்குக்கத்தியை வழங்கத் தொடங்கினார். அலகு, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகியவை அதில் இருந்தன. துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும் உணவு டப்பாவைத் திறக்கத் திறப்பானும் தேவைப்பட்டன. ஒரு பிடிக்குள் எவற்றை மடக்கி வைப்பது என்பதை அதை ஏந்துபவரின் தொழிலே தீர்மானிக்கிறது. புலவருக்கு ஆணியும் அலகும். படைவீரருக்குத் திருப்புளியும் திறப்பானும். அந்நிறுவனத்தின் பிற்காலச் சிறு கத்திகள் சிலவற்றில் பந்துமுனைப் பேனாவும் உண்டு. அதைப் புதுமை என்று வியப்போர் மடக்கெழுத்தாணியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அண்மையில் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். பிடியின் முதுகில் ஓர் எஃகு வில். நகத்தால் பற்றித் திறக்க அலகின் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம். நல்ல கத்திதான். ஆனால் அதைக் கொண்டு எதையும் எழுத முடியாது.

இதில் நம் துறைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. சுவடிகளைத் தேடி வீடுகளுக்குச் செல்லும்போது நாம் ஏடுகளைக் கேட்கிறோம், கருவிகளைக் கேட்பதில்லை. ஆணி ஒடிந்துபோன மடக்கெழுத்தாணி பார்வைக்குத் துருப்பிடித்த பழைய கத்திதான். பதிவேட்டில் அதைக் 'கத்தி' என்று எழுதிவிட்டால் அது எழுத்து வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். நான் வார் இல்லாத கருவிக்கு வார் கட்டியதைப் போன்ற பிழைதான் அதுவும்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ ஊர் மடத்திலோ கொம்புப்பிடி போட்ட பழைய கத்தி இருந்தால், பிடியின் மறுமுனையில் இன்னொரு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர் அவர்களிடம் மட்டுமே இருக்கக்கூடும்.