கல்வராயன் மலையும் முதியோர் ஆதரவும்

ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் ஓய்வூதியத்தைச் சென்னை மாநில அரசு 1962இல் தொடங்கியபோது, வெள்ளிமலையை உள்ளடக்கிய கல்வராயன் மலை ஜாகிர்தார்களின், அதாவது பரம்பரையாக வரி தண்டும் உரிமை பெற்றிருந்த மலைத்தலைவர்களின், ஆளுகையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினரைக் கூலியின்றி உழைக்கவைத்த அம்முறை 1976இல்தான் ஒழிந்தது.

1995 முதல் மத்திய அரசும் ஓய்வூதியத்தில் பங்கேற்றது. எனினும் எண்பது வயதுக்குட்பட்டோருக்கான அதன் பங்கு 200 ரூபாயிலேயே நின்றுவிட, மாநிலமே தொகையை 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. அஞ்சல்காரர் வாசலில் எண்ணிக் கொடுத்த மணியார்டர் வங்கிக் கணக்குக்கு மாறியபின், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த ரேகையைக் கைரேகைக் கருவி ஏற்காமல் முதியவர்கள் வெறுங்கையுடன் திரும்ப நேர்வது, சீர்திருத்தம் என்ற பெயரில் விளைந்த கொடுமையே.

பராமரிப்பின் கதை வேறு. மாவட்டந்தோறும் 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை 2007ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆனால் சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களில் படுக்கையில் விழுந்தவருக்கு, தொலைவிலுள்ள இல்லத்தைவிட, இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவர 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற ஏற்பாடே பொருந்தும். அதற்கான ஆட்களையும் ஊர்தியையும் மலைக்கென்றே ஒதுக்குவது அரசின் கடமை.