முறிந்த கொழுவும் முதல் மழையும்

விதைப்புக் காலத்தில் ஒரு கலப்பை முறிந்தால் உழவர் இழப்பது இரும்புத் துண்டை மட்டுமன்று. மண்ணின் ஈரத்தையும் இழக்கிறார். எனவே, உழவுக் கருவிகளின் வரலாற்றில் "எவ்வளவு நன்றாக உழும்?" என்பதோடு, "முறிந்தால் யார் சரிசெய்வார்?" என்ற கேள்வியும் முக்கியமானது.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை போன்ற சிற்றூர்களை எடுத்துக்கொள்வோம். சாமையும் கேழ்வரகும் விளைந்த இம்மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைப் புகுத்தினார். உழுவதற்குக் கொழு, குழி தோண்டக் கடப்பாறை, கவாத்துக்குக் கத்தி என்று எல்லாவற்றுக்கும் இரும்பு வேண்டும். மலையோ சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. கல்லில் மோதும் கருவி விரைவில் மழுங்கும்.

பழைய கொல்லருக்கு இது பெரிய சிக்கலன்று. அவர் கையாண்ட தேனிரும்பில் கார்பன் மிகக் குறைவு. ஆகவே, உலையில் காய்ச்சினால் அது இளகும், அடித்தால் நீளும். முறிந்த இரு துண்டுகளையும் வெண்சூடாக்கிச் சேர்த்து அடித்தால் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். கத்தியின் வாய்க்கு எஃகு வைத்து, நீரில் தோய்த்துக் கடினமாக்குவார். சமவெளி ஊர்கள் பலவற்றில் இப்பணிக்குரிய கூலியை அறுவடையின்போது களத்தில் தானியமாக அளந்தனர். விளைச்சல் பொய்த்தால் கொல்லருக்கும் குறைவுதான்!

இங்கிலாந்தில் வேறு வழி பிறந்தது. ராபர்ட் ரான்சம் 1803இல் வார்ப்பிரும்புக் கொழு ஒன்றுக்கு உரிமம் பெற்றார். அதன் அடிப்புறம் மட்டும் விரைவாகக் குளிர்விக்கப்பட்டுக் கடினமாக இருக்கும். மேற்புறம் முதலில் தேய்வதால் கொழு தானே கூர்மையாகும். ஆனால், வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 விழுக்காடு வரை உண்டு, அடித்தால் நொறுங்கும். முறிந்ததைப் பட்டறையில் ஒட்ட இயலாது. இதற்கு விடையாக 1808இல் ரான்சம், உறுப்புகளைக் கழற்றி மாற்றக்கூடிய கலப்பைக்கும் உரிமம் பெற்றார். பழுதுபார்ப்பதற்குப் பதில் மாற்றிக்கொள்வது என்பதே இம்முறை. கடையில் உறுப்பு கிடைக்கும் வரை இது சிறந்த முறைதான்.

கிடைக்காவிட்டால்? 1860களில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் அரசு ஒரு சோதனைப் பண்ணை அமைத்தது. நீராவிக் கலப்பை முதலிய இங்கிலாந்துக் கருவிகள் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால், நாட்டுக் கலப்பையை அவை விரட்டிவிடவில்லை. 1889ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து வேளாண்மையை ஆராய்ந்த வேதியியலறிஞர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இதற்கு விளக்கம் தந்தார். நாட்டுக் கருவிகள் விலை மலிவானவை, எடை குறைந்தவை, எளிதில் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடியவை. மாற்றுக் கருவி எதுவானாலும் இத்தன்மைகளோடு போட்டியிட வேண்டும் அல்லவா?

இதனால் பழையதே போதும் என்று பொருளாகாது. ரான்சமின் கொழு உழவை எளிதாக்கியது உண்மையே. ஆனால், அதன் வெற்றிக்குப் பின்னால் வார்ப்பாலையும் கடையும் சாலையும் இருந்தன. இன்று மலைத்தோட்டத்தில் களைவெட்டும் இயந்திரம் வாங்குபவருக்கும் இது பொருந்தும். அதன் உதிரி உறுப்பு சேலத்தில் கிடைக்குமா, மழைக்கு முன் கைக்கு வருமா என்று கேட்டறிந்தபின் வாங்குவதே அறிவுடைமை.