பேராசிரியர் இராமநாதனும் எங்கள் குசினிப் புகையும்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது வைத்தியத்துறை பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. நான் எழுதுவதோ ஒரு வளிமண்டல விஞ்ஞானியைப் பற்றி. குழுவிலுள்ள அக்காமார் பொறுத்தருள வேண்டும்.

வீரபத்ரன் இராமநாதன் 1944இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர, தமிழில் படித்த பிள்ளை ஆங்கில வகுப்பில் போய் இருந்தது. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே அங்கு விட்டுப்போயிற்று, எதையும் தானாகவே யோசித்து அறிய வேண்டியதாயிற்று என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு மருத்துவபீடத்தின் முதல் விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் விழித்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டிக் கம்பனி ஒன்றில் வேலை. பெட்டிகளிலிருந்து பிரியோன் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பொறுப்பு. அதில் அவர் நெடுநாள் நிற்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், அதன்பின் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம். அங்கே வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்து 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் மொலினாவும் ரோலண்டும் பிரியோன் போன்ற வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன என்று எழுதினர். எல்லோரும் ஓசோனைப் பார்த்தார்கள். பழைய கம்பனி வாயுவை மறக்காத இராமநாதன், அது வெப்பத்தை என்ன செய்கிறது என்று கேட்டார். காபனீரொட்சைட்டும் நீராவியும் மறிக்காமல் விட்ட ஒரு ஜன்னல் வழியாகப் பூமியின் வெப்பம் வெளியேறுகிறது. இந்த வாயு அந்த ஜன்னலைச் சாத்துகிறது. அதன் ஒரு மூலக்கூறு, காபனீரொட்சைட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும். 1975இல் "சயன்ஸ்" இதழில் அவர் தனியே எழுதிய கட்டுரை இது. 1980இல் றோலண்ட் மடனுடன் எழுதியபோது, பூமி சூடாவது 2000ஆம் ஆண்டளவில் அளவீடுகளில் தெரியவரும் என்றார், தெரிந்தது.

எங்களுக்குக் கிட்டிய கதை 1999இல் வருகிறது. நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் அவரும் தலைமை தாங்கிய இந்து சமுத்திர ஆய்வில் பல நாடுகளின் விஞ்ஞானிகள் 200 பேருக்கு மேல் சேர்ந்தனர். இந்தியத் தரப்பை ஏ. பி. மித்ரா நடத்தினார். மாலைதீவைத் தளமாகக் கொண்டு, விமானத்திலும் கப்பலிலும் ஜனவரி முதல் மார்ச் வரை அளந்தார்கள். வாடைக்காற்றோடு உபகண்டத்தின் புகை கடல்மேல் பரவி, சூரிய ஒளியில் ஒரு பங்கு கடலைத் தொடாமல் தடுப்பதைக் கண்டார்கள். அந்த மாதங்களில் நான் உயர்தர மாணவி. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் அடிவானம் மங்கலாகக் கிடக்கும். பனி என்றே நினைத்தோம்.

"ஆசியப் பழுப்பு மேகம்" என்று பெயர் வைத்ததும் இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னர் ஆசியாவை எடுத்துவிட்டு "வளிமண்டலப் பழுப்பு மேகம்" ஆக்கினார்கள். கூட்டு ஆய்வென்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

2008இல் கார்மைக்கேலுடன் கரும்புகைத் துகள் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் சொன்ன வெப்பமூட்டும் அளவைப் பின்வந்த மதிப்பீடுகள் குறைத்துவிட்டன. மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தேடும் எங்கள் காலத்தில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது எண்ணிக்கையில் வரும், எத்தனை பேர் அதைத் திருத்தினார்கள் என்பது வராது. அந்தக் கட்டுரையை ஒரு இரவுக் கடமையில் வாசித்தேன். துகளின் ஒரு பங்கு விறகடுப்பிலிருந்து வருகிறது என்ற இடத்தில் கண் நின்றது.

என் அம்மா கொட்டாஞ்சேனையில், ஜன்னல் இல்லாத வாடகைக் குசினியில் பதினெட்டு வருடம் விறகில் சமைத்தவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. அவருடைய இருமலை ஆஸ்துமா என்று எழுதி மருந்து கொடுத்தது வேறு யாருமல்ல, நான்தான். வாட்டில் ஆண்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று தவறாமல் கேட்ட நான், அம்மாவிடம் அடுப்பைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

இராமநாதன் தம் பாட்டியின் அடுப்புப் புகையையும் இருமலையும் நினைவுகூர்ந்து பேசியிருக்கிறார். மகளோடு சேர்ந்து, வட இந்தியக் கிராமமொன்றில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, கைத்தொலைபேசியால் புகைத்துகளை அளக்கும் வேலையிலும் இறங்கினார்.

2022இல் கொழும்பில் காஸ் சிலிண்டர் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அந்த மாதங்களில் மாடிவீட்டு பல்கனிகளிலும் விறகு எரிந்தது. கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் "எதில சமைக்கிறீங்கள்?" என்று அப்போது கேட்கத் தொடங்கினேன். இப்போது சிகரெட் கேள்விக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். அம்மாவின் பழைய நோயாளர் அட்டையிலும் அதை எழுதி வைத்திருக்கிறேன்: விறகு, 18 வருடம்.